வறுமைக்கு ஒரு கையெழுத்து

தமிழ்நாட்டில் ஒருவர் ஏழை என்பதை அவர் வீட்டுக் கூரை சொன்னால் போதாது. வருமானச் சான்றிதழ் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் பத்தாயிரம். வேலை தெரிந்த கொத்தனார் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டுமென்றால் மாதத்தில் பாதி நாள் திண்ணையில் படுத்துக் கிடக்க வேண்டும். சான்றிதழ்படி பார்த்தால் நம் கொத்தனார்களில் பலர் அப்படித்தான் கிடக்கிறார்கள். ஊரில் கட்டடங்கள் எப்படி எழும்புகின்றனவோ!

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தபோது வரம்பு 72,000. ஆட்சி மாறியது, 2012-இல் திட்டத்தின் பெயர் மாறியது, அட்டையில் படம் மாறியது. 72,000 மட்டும் கொள்கைப் பிடிப்போடு அசையாமல் நின்றது. 2022-இல்தான் மனம் இரங்கி ஏறியது. இடையில் விலைவாசி ஏறியதற்கு வரம்பு என்ன செய்யும், பாவம்.

ரேஷன் கார்டு, ஆதார், சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குக் குடும்பத்தோடு போய்ப் படம் பிடித்துக்கொண்டால் அட்டை கிடைக்கும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் நம்மவர்களுக்கு அட்டை ஞாபகம் வருவது அப்பாவுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்த பிறகுதான். அன்றைக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டிய விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) லீவு.

வருமானமே கேட்காத வழியும் ஒன்று உண்டு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வரம்பு கிடையாது என்று 2024-இல் மத்திய அரசு அறிவித்தது. அந்த வயது வரை காப்பீடு இல்லாமல் உயிரோடு இருந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.