கடகட, கிரீச், கரகர: பெல்லட் அடுப்பின் ப்ளோயர் எழுப்பும் ஓசைகள் – ஓர் ஆய்வு

ஆய்வு என்று ஒன்றைத் தொடங்கினால், சொல்ல வந்ததை எவ்வளவு தூரம் தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப்போட வேண்டும் என்பது பல்கலைக்கழக மரபு. இக்கட்டுரையும் அம்மரபுக்குக் கட்டுப்பட்டது. ஆகவே நோக்கம், எல்லை, கருதுகோள், அணுகுமுறை ஆகியவை முதலில், சத்தம் பிறகு.

நோக்கம்: அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், முழங்கால் அளவு பனி கிடந்த ஒரு ஜனவரி இரவில், ஒரு மரவீட்டுக் கூடத்தில் நின்ற பெல்லட் அடுப்பின் ப்ளோயர் போட்ட சத்தத்துக்குக் காரணம் காண்பது. எல்லை: கூடம் மட்டும், சமையலறைக்குள் ஆய்வாளருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கருதுகோள்: சத்தத்துக்கு ஏதோ ஒரு காரணம் உண்டு. அணுகுமுறை: காதைக் கொடுப்பது. முதன்மை ஆதாரம்: அடுப்பு. துணைமை ஆதாரங்கள்: அடுப்போடு வந்த கையேடு, வீட்டுக்காரர், அவர் மனைவி, வெள்ளைப் பூனை ஒன்று. இத்தலைப்பில் முன்னாய்வுகள் உண்டா என்று ஆய்வாளர் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடுமோ என்ற அச்சம் இந்தத் துறைக்கு மட்டும் உரியதல்ல.

இயல் 1: தொல்காப்பியத்தில் ப்ளோயர்

இல்லை.

ஆனாலும் இப்படி ஒரு தலைப்பு இல்லாமல் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் இவ்வியல் சேர்க்கப்பட்டது.

இயல் 2: அடுப்பின் வரலாறும் உறுப்பியலும்

மரத்தூளை அழுத்தி, மரத்திலேயே உள்ள லிக்னினைப் பசையாக்கி, 6 மில்லிமீட்டர் பருமனில் மாத்திரைபோல் பிதுக்கி எடுத்தால் அது பெல்லட். அமெரிக்காவில் 40 பவுண்டு மூட்டையாக வருகிறது, அதாவது 18 கிலோ. 50 மூட்டை சேர்ந்தால் அவர்கள் கணக்கில் ஒரு டன். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, மரம் அறுக்கும் ஆலைகளில் குவிந்த தூளுக்கு இப்படி ஒரு வாழ்வு வந்தது. 1980களில் வீட்டுக்கு ஏற்ற பெல்லட் அடுப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்த முன்னோடி ஜெர்ரி விட்ஃபீல்ட். வாஷிங்டன் மாநிலத்துக்காரர், போயிங் விமான நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். ஓர் அடுப்புக்குள் இத்தனை விசிறி எதற்கு என்ற மர்மம் இதனால் ஓரளவு விலகுகிறது.

விசிறிகள் இரண்டு. முதலாவது புகையை இழுத்து வெளியே தள்ளுவது. அது இழுக்க இழுக்க, நெருப்புக்கு வேண்டிய புதுக்காற்று அடியிலிருந்து தானாக உள்ளே வரும். இரண்டாவது, அறையின் காற்றை எடுத்துச் சூடான குழாய்களின் மேல் ஓடவிட்டு மறுபடி அறைக்கே ஊதுவது. புகையும் இந்தக் காற்றும் ஒன்றையொன்று முகம் பார்ப்பதில்லை, ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிபோல. முதலாவது நின்றால் உள்ளே இழுவை போய்விட்டது என்று ஒரு சுவிட்ச் கண்டுபிடித்து, பெல்லட்டைத் தள்ளும் திருகுதண்டை நிறுத்திவிடும். இரண்டாவது நின்றால் சூடு வெளியேற வழியின்றி ஏறும். இன்னொரு சுவிட்ச் அதே திருகுதண்டை நிறுத்தும். எந்தத் தம்பி சண்டை போட்டாலும் சோறு நிறுத்தப்படுவது நெருப்புக்குத்தான்.

இதில் ஒரு நுட்பம். புகை விசிறி அடுப்பைப் போட்டவுடன் ஓடத் தொடங்கும். அறை விசிறி அடுப்பு சூடேறிய பிறகே எழுந்திருக்கும். ஆகவே சத்தம் ஆரம்பத்திலேயே வந்தால் முன்னது, சில நிமிடம் கழித்து வந்தால் பின்னது (கையேடு, ப. 14). நம் வீட்டுச் சத்தம் எட்டு நிமிடம் கழித்து வந்தது (கையேடு, ப. 14, காபிக் கறைக்குக் கீழே, பென்சில் குறிப்பு).

இயல் 3: ஓசைகளின் வகைப்பாடு

ஓசையை ஆராய வந்த எவரும் இரட்டைக்கிளவியைத் தாண்டிப் போக முடியாது. கடகட என்பதைப் பிரித்துக் ‘கட’ என்று ஒருமுறை மட்டும் சொன்னால் பொருள் இல்லை என்கிறது இலக்கணம். அடுப்பு மெக்கானிக்கும் அதையே வேறு சொல்லில் சொல்வார். ஒருமுறை ‘கட’ என்றால் பெல்லட் ஒன்று நெருப்புக் கிண்ணத்தில் விழுந்திருக்கிறது, பொருள் இல்லை. ‘கடகட’ என்றால்தான் கோளாறு.

கடகட: ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, பக்கவாட்டுத் தகட்டைக் கையால் அழுத்தினால் நின்றுவிடும்.

சரசர: விசிறிச் சக்கரம் தண்டிலிருந்து நழுவி, கூட்டின் சுவரில் உரசுகிறது.

தடதட: இதழ்களில் சாம்பலோ தூசியோ ஒரு பக்கமாக அப்பி, சக்கரம் சமநிலை இழந்திருக்கிறது.

கிரீச்: பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது. இங்கே வீட்டுக்காரர்கள் எல்லாரும் நீலமும் மஞ்சளுமான ஒரு டப்பாவைத் தேடி ஓடுவார்கள். டபிள்யூடி-40 என்ற அந்தத் திரவம் 1953இல் சான் டியேகோவில், ராக்கெட் பாகங்களில் துருப்பிடிக்காமல் ஈரத்தை விரட்டுவதற்காகப் பிறந்தது. நாற்பதாவது முயற்சியில் வெற்றி கிடைத்ததால் அந்த எண். ஈரத்தை விரட்டத் தெரிந்த அது, பேரிங்கில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போகும். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் பழைய குரல். எண்ணெய் விடத் துளை வைத்த மோட்டார் என்றால் மோட்டாருக்கு உரிய மெல்லிய எண்ணெய் சில சொட்டுப் போதும். துளை இல்லாமல் மூடி வந்த பேரிங் என்றால் கையை வைக்கக்கூடாது, புது மோட்டார்தான்.

உம்ம்ம்: மின்சாரம் வருகிறது, சக்கரம் சுழலவில்லை. எதுவோ சிக்கியிருக்கிறது, அல்லது, கண்டென்சர் உள்ள மோட்டார் என்றால், அது போய்விட்டது. இந்த உறுமலை இசையியல் நோக்கில் அணுக வேண்டியது கட்டாயம். அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி. மோட்டார் அதன் இரு மடங்கில், 120 ஹெர்ட்ஸில் உறுமும். தமிழ்நாட்டு மின்சாரம் 50 சுழற்சி. இங்கே உறுமல் 100 ஹெர்ட்ஸ். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் 100ஐ ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், வெர்மான்ட் மோட்டாரின் 120 அதற்கு ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் நிற்கிறது. அது பிசகில்லாத சாதாரண காந்தாரம். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் கரகரப்ரியாவுக்கு அடித்தளம் போட்டாயிற்று. இராகத்தின் பெயரிலேயே ‘கரகர’ இருந்தும், அதை ப்ளோயரோடு இணைத்துப் பார்க்காமல் மேளகர்த்தா எண்களைப் பற்றியே இசையறிஞர்கள் சண்டையிட்டுக்கொண்டிருப்பது வருத்தத்துக்குரியது (வீட்டுக்காரரின் மனைவி, சமையலறையிலிருந்து, “அதை நிறுத்தித் தொலையுங்கள்” என்ற பொருளில், மேலது, மேலும் உரக்க).

மௌனம்: மௌனத்தைப் பற்றிப் பின்நவீனத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படிப்பதற்கு முன் பிளக் செருகியிருக்கிறதா என்று பார்க்கவும்.

இயல் 4: அணில் சிக்கல்

அறைக்காற்றை ஊதும் விசிறி, மேசை விசிறிபோல் மூன்று இறக்கை கொண்டதல்ல. ஒரு தகர உருளை. அதைச் சுற்றிலும் சிறு அகப்பைபோல் வளைந்த இதழ்கள். இதற்கு உலகம் வைத்த பெயர் அணில்கூண்டு. அதைச் சுழற்றும் மோட்டாரின் உள்ளே சுழலும் பாகத்துக்கும், நம் பாலிடெக்னிக் பாடநூல்களில் உள்ளபடியே, அணில்கூண்டு என்றுதான் பெயர். ஆக, ஓர் அணில்கூண்டு இன்னோர் அணில்கூண்டைச் சுழற்றுகிறது. இரண்டிலும் அணில் இல்லை. ஆய்வுலகம் இதை எப்படிக் கடந்துபோனது?

பெயர்க் காரணம் எளிது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டில் அணில் வளர்த்தவர்கள், அது ஓடிக் களைப்பதற்குக் கூண்டில் ஒரு சுழல் உருளை வைத்தார்கள். அதன் சாயல் இரண்டுக்கும் வந்தது. ஆனால் எளிய விளக்கத்தில் ஒரு முனைவர் பட்டம்கூடத் தேறாது. எனவே காலவரிசையைப் பார்ப்போம். கூண்டு வடிவச் சுழலி கொண்ட மோட்டாரை மிகயில் தோலிவோ-தொப்ரவோல்ஸ்கி 1889இல் உருவாக்கினார். முன்னோக்கி வளைந்த இதழ்கள் கொண்ட விசிறியைச் சாமுவேல் டேவிட்சன் 1898இல் செய்தார். 1889, 1898: கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருப்பதைத் தற்செயல் என்று தள்ளுபவர் கல்வெட்டில் காலம் கணிக்கத் தகுதியற்றவர்.

டேவிட்சனின் கதை, கட்டுரையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டதுபோல் அமைந்திருக்கிறது. அயர்லாந்துக்காரரான அவர் 1864இல் அசாமின் கச்சார் பகுதிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். இலையைச் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரம் செய்து, சகாராவிலிருந்து வீசும் அனல்காற்றின் பெயரைச் சூட்டினார்: சிரோக்கோ. பின்னர் பெல்ஃபாஸ்ட் திரும்பி ஆலை வைத்தார். சிரோக்கோ உலர்த்திகள் இலங்கை மலையகத்துத் தேயிலை ஆலைகளிலும் ஓடின. சிரோக்கோ விசிறிகள் டைட்டானிக் கப்பலிலும் இருந்தன. விபத்தில் விசிறிகளின் மேல் எந்தக் குற்றச்சாட்டும் எழவில்லை. தேயிலைக்குச் சூட்டை ஊதிய விசிறியின் கொள்ளுப்பேரன்தான் வெர்மான்ட் கூடத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது.

இனிச் சொற்பிறப்பியல். அனிலம் என்றால் காற்று. அணில் என்றால் அணில். இடையே இருப்பது ஒரே ஒரு சுழி: ணகரத்துக்கு மூன்று, னகரத்துக்கு இரண்டு. அணில்கூண்டு என்பது அனிலக்கூண்டின் திரிபு, அதாவது காற்றுக்கூண்டு. இருந்த சுழியோடு ஒரு சுழி கூடியது சக்கரம் அதிகமாகச் சுழன்றதால் என்று ஆய்வாளர் துணிகிறார். இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் கண்டங்களையே கடலிலிருந்து எழுப்பியவர்கள் நம்மிடையே இருக்கையில், ஒரு சுழிக்கு யாரும் சான்று கேட்கமாட்டார்கள்.

எதிர்க்கருத்தும் பதிவாக வேண்டும். நம் ஊர் அணிலின் முதுகில் மூன்று கோடு உண்டு, இராமர் தடவியது. வெர்மான்ட்டின் சாம்பல் அணிலுக்குக் கோடே இல்லை. அது அணை கட்டும் பணிக்கு வரவில்லை என்பது தெளிவு. வேலைக்கு வராத அணிலின் பெயரை இரவு பகலாக உழைக்கும் விசிறிக்கு வைப்பது தகுமா? (பூனை, ‘ம்யாவ்’, திருத்திய மறுபதிப்பு, சோபாவுக்கு அடியிலிருந்து, தேதி இல்லை, இக்கருத்தைப் பூனை பின்னர் நாற்காலியின் மேலிருந்து எழுதிய விரிவுரையில் திரும்பப் பெற்றது.)

இயல் 5: களஆய்வு

1816இல் பாரிசில் லானெக் என்ற மருத்துவர் தாளைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. மெக்கானிக்குகளின் ஸ்டெதாஸ்கோப் நீளமான திருப்புளி. நுனியை மோட்டாரின் உடலில், சுழலும் பாகத்தையும் ஒயரையும் தொடாமல் வைத்து, கைப்பிடியைக் காதருகே எலும்பில் அழுத்தினால் பேரிங்கின் குரல் மண்டைக்குள் கேட்கும். ஆய்வாளர் கேட்டார். பேரிங் சத்தமில்லாமல் ஓடியது. கரகரப்பு சக்கரத்திலிருந்து வந்தது.

அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகு பின்தகடு கழன்றது. நாலு ஸ்க்ரூவில் ப்ளோயர் கைக்கு வந்தது. இதழ்களின் குழிவுகளில் கம்பளிபோல் ஒரு படலம். அதை நகத்தால் நெம்பியதும் நூல்கண்டுபோல் சுருண்டு வந்தது. வெள்ளை முடி. மேலே வெள்ளை, நடுவில் மரத்தூளின் பழுப்பு, அடியில் சாம்பல்: அகழாய்வில் மண்ணடுக்கு பார்ப்பதுபோல் மூன்று குளிர்காலங்கள். ஓரிடத்தில் முடிக்கற்றை தண்டைச் சுற்றி இறுகி, ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டின் உதட்டில் உரசியிருக்கிறது.

வீட்டுக்காரர் பழைய டூத் பிரஷ்ஷைக் கொண்டுவந்தார். ஒவ்வோர் இதழாகத் தேய்த்து, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினார்கள். இதழ்களின் எண்ணிக்கையைப் பதிவு செய்ய முயன்ற ஆய்வாளர் முப்பத்தேழில் மறந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். விரலால் ஒரு சுண்டு சுண்டியதும் சக்கரம் தடையில்லாமல் பல சுற்று சுற்றித் தானாக நின்றது. திரும்பப் பொருத்தி, அடுப்பைப் போட்டு, எட்டு நிமிடம் காத்திருந்தார்கள். சூடான காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது.

இயல் 6: முடிவுகள்

அ. ஓசைக்குக் காரணம் பூனை.

ஆ. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

இ. ஆய்வுக்கு ஆன நேரம் ஐந்து மணி. பழுது நீக்க ஆனது நாற்பது நிமிடம். ஆய்வேட்டில் இவ்விகிதம் வழக்கமானதே.

ஈ. புகை விசிறியைக் கழற்றினால் அதன் கேஸ்கட்டையும் புதிதாகப் போட வேண்டும். பழையதன் இடுக்கில் புகை கசிந்தால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அலாரம் ஒன்றைக் கூடத்தில் மாட்டிவைக்கவும். இவ்வொரு குறிப்பில் மட்டும் நையாண்டி இல்லை.

உ. ப்ளோயரை ஒரு டன் எரிந்ததும், அல்லது பருவத்துக்கு ஒருமுறையாவது, சுத்தம் செய்வது நல்லது.

பூனையின் இறுதிக் கருத்தைப் பெற ஆய்வாளர் முயன்றார். அது ப்ளோயரின் சூடான வாய்க்கு நேரே உடலை நீட்டிப் படுத்து, முதுகை நக்கிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஒரு மூட்டை வீதம் ஐம்பதாவது மூட்டை மார்ச்சில் தீர்கிறது. டூத் பிரஷ்ஷை வீட்டுக்காரர் அடுப்புக்குப் பின்னாலேயே ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார்.