படம் பிரமாதம்

விஆர் ஹெட்செட் செய்கிறவர்களைப் புகழ வேண்டுமென்றால் படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 2013இல் ஆக்யுலஸ் ரிஃப்ட்டின் முதல் சோதனைப் பதிப்பு வந்தபோது, 1280×800 பிக்சல் கொண்ட ஒரே திரையை இரண்டு கண்களும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. எழுத்தைப் படிப்பது பெரும்பாடு. பிக்சலுக்கும் பிக்சலுக்கும் நடுவே கறுப்புக் கோடு ஓடும். 2024 பிப்ரவரியில் ஆப்பிளின் விஷன் ப்ரோ அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இரண்டு கண்களுக்கும் சேர்த்து 2.3 கோடி பிக்சல். ஒன்றின் அகலம் 7.5 மைக்ரான். கறுப்புக் கோட்டைத் தேடினாலும் கிடைக்காது. இருட்டான காட்சியில் இருட்டு சாம்பலாக வெளுக்காமல் இருட்டாகவே நிற்கிறது. 2025 அக்டோபரில் சாம்சங்கின் கேலக்ஸி எக்ஸ்ஆர் ஒரு கண்ணுக்கு 3552×3840 பிக்சல் என்று அதையும் தாண்டியது. இத்தனை வருடத்தில் இவ்வளவு தூரம் வந்திருப்பது சாதாரணக் காரியமில்லை.

கண்ணுக்கு என்ன வேண்டும் என்று இவர்கள் அளவுக்கு யோசித்தவர்கள் யாருமில்லை. அந்த ஈடுபாடு அவ்வளவு ஒருமுகமானது. கண்ணுக்குக் கீழே ஒரு மூக்குத்தண்டு இருப்பதும், பக்கத்தில் கன்ன எலும்பு இருப்பதும், இவை எல்லாவற்றையும் பின்னாலிருந்து ஒரு கழுத்து தாங்குவதும் அந்த ஈடுபாட்டைக் கொஞ்சமும் கலைக்கவில்லை.

விஷன் ப்ரோவைக் கையில் எடுத்தாலே தரம் தெரிகிறது. பிளாஸ்டிக்கில் மலிவாக முடித்துவிடவில்லை. அலுமினியச் சட்டம், முன்னால் வளைந்த கண்ணாடி. 600 முதல் 650 கிராம். 353 கிராம் பேட்டரி இந்தக் கணக்கில் சேராது. அது ஒரு வயரில் தொங்கி உங்கள் சட்டைப் பைக்குப் போகும். பை இல்லாத உடை உடுத்தியவர் அதைக் கையிலோ மடியிலோ வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக்குப் பின்னால் வெளிப்புறம் பார்த்தபடி இன்னொரு திரையும் இருக்கிறது. அணிந்தவரின் கண்களை அது எதிரில் நிற்பவருக்குக் காட்டுகிறது. அணிந்தவர் அதை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. எதிரில் இருப்பவர் சங்கடப்படக் கூடாது என்பதற்காக அணிந்தவர் முகத்தில் ஒரு திரையைக் கூடுதலாகச் சுமக்க வைத்த நிறுவனத்தின் பிறர்நலத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

650 கிராம் என்ன பெரிய எடை என்று கேட்பார்கள். தலைமேல் வைத்தால் பெரிதில்லைதான். இந்த எடை முகத்துக்கு முன்னால் நிற்கிறது. நிறைகுடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் வாசலைத் தாண்ட முடியாது. எடை எவ்வளவு என்பதோடு அது உடம்பை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் சேர்ந்துதான் பாரம். பெட்டியின்மேல் அச்சிடும் கிராம் கணக்கில் இந்த இரண்டாவது பாதி வருவதே இல்லை.

ஆப்பிளுக்கு அது தெரிந்திருக்கிறது. 2025 அக்டோபரில் எம்5 சில்லுடன் வந்த புதிய விஷன் ப்ரோவில் பட்டையை மாற்றினார்கள். தலைக்குப் பின்னால் போகும் பட்டைக்குள் டங்ஸ்டன் துண்டுகளை வைத்துப் பின்னியிருக்கிறார்கள். டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தியான உலோகம். முன்பக்கக் கனத்துக்கு ஈடாகப் பின்பக்கம் இழுக்க வேண்டுமே, அதற்காக. மொத்த எடை 750 முதல் 800 கிராம் ஆனது. இந்த ஆண்டுகளில் வந்த விளம்பரங்கள் அத்தனையிலும் இதைவிட நேர்மையான வாசகம் இல்லை என்பேன். முன்பக்கம் கனக்கிறது என்பதை வாயால் சொல்லாமல் உலோகத்தால் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முந்தைய பட்டையைவிட இது நன்றாக உட்காருகிறது என்பதும் உண்மை. சுமையைக் குறைக்க வழியில்லாதபோது இன்னும் கொஞ்சம் சுமையைச் சேர்த்து நிதானப்படுத்துவது பொறியியலில் பழைய முறை. விலை மட்டும் அசையவில்லை: அன்றும் இன்றும் 3,499 டாலர்.

ஒப்பீடு எழுதுகிறவர்கள் படத்துக்கு ஒரு மதிப்பெண், வசதிக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். மாட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே விஷயம் என்பது பத்து நிமிடத்தில் தெரியும். லென்ஸின் நடுப்பகுதிக்கு நேரே கண்மணி இருந்தால்தான் எழுத்து கூர்மையாகத் தெரியும். ஹெட்செட் முன்பாரத்தால் மெல்லச் சரிகிறது. அரை சென்டிமீட்டர் இறங்கியதும் ஓரங்கள் குழைகின்றன. இரண்டு விரலால் மேலே தூக்கினால் தெளிகிறது, விட்டால் மறுபடியும் இறங்குகிறது. பக்கத்திலிருக்கும் திருகைச் சுற்றி இறுக்குகிறோம். படம் நிற்கிறது, கன்ன எலும்பு வலிக்கிறது. தளர்த்துகிறோம், வலி போகிறது, கூடவே படமும் போகிறது. 2.3 கோடி பிக்சலையும் கடைசியில் ஒரு துணிப்பட்டைதான் தாங்கி நிற்கிறது. பிக்சலுக்குக் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கை அந்தப் பட்டைக்கும் கொடுத்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

மெட்டாவின் குவெஸ்ட் 3 அந்தப் பட்டையைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. 2023 அக்டோபரில் 499.99 டாலருக்கு வந்தது; பேட்டரியும் உள்ளேயே, மொத்தம் 515 கிராம். கண்ணுக்கு 2064×2208 பிக்சல், ஓரம் வரை தெளிவான பான்கேக் லென்ஸ். கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல படம் கிடைப்பது கஷ்டம். பெட்டிக்குள் ஒரு மெல்லிய எலாஸ்டிக் பட்டையும் வைத்திருக்கிறார்கள். அதைவிட நல்ல பட்டை செய்யத் தெரியும் என்பதையும் அவர்கள் வெளிப்படையாகவே காட்டுகிறார்கள்: திருகு வைத்த கெட்டியான பட்டை 69.99 டாலருக்குத் தனியாக விற்பனைக்கு வந்தது. எந்தப் பட்டை மேல் என்று வாங்குகிறவர் குழம்ப வேண்டியதில்லை, விலையே சொல்லிவிடுகிறது.

அதே ஹெட்செட்டில் நான் மனதார மெச்சுவது ஒரு சிறிய சக்கரத்தை. இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்துக்குத் தகுந்தபடி லென்ஸ்களை 58 முதல் 71 மில்லிமீட்டர் வரை எந்த இடத்திலும் நிறுத்தலாம். ஓராண்டு கழித்து 299.99 டாலருக்கு வந்த குவெஸ்ட் 3எஸ்ஸில் அந்தச் சக்கரம் இல்லை. பழைய ஃப்ரெனெல் லென்ஸும் 58, 63, 68 என்ற மூன்று நிறுத்தங்களும் மட்டும். மனித முகங்களை மூன்றே வகைக்குள் அடக்கிவிட்ட எளிமை அது. பெண்களுக்கு விஆரில் குமட்டல் அதிகம் என்று வெகுநாளாகச் சொல்லிவந்தார்கள், ஏதோ அவர்கள் உடம்பின் குறைபோல. 2020இல் கே ஸ்டேனியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், அந்த வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம் லென்ஸ் இடைவெளி அவர்கள் கண்களுக்குப் பொருந்தாததுதான் என்று தெரியவந்தது. தலைசுற்றி உட்கார்ந்த எத்தனை பெண்கள் தம்மையே நொந்துகொண்டார்களோ.

முகத்தில் படும் பஞ்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. குவெஸ்ட் 2 வாங்கியவர்களில் சிலருக்குச் சருமம் சிவந்து, வீங்கி, அரித்தது. 2021 ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் பஞ்சுச் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மேலே மாட்ட சிலிகான் உறை இலவசமாக வந்தது. இலவசமாகக் கொடுத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். முகத்தில் அழுத்திக் கட்டும் பொருள் முகத்துக்கு ஒத்துக்கொள்கிறதா என்ற கேள்விக்கு, அவ்வளவு பேர் தங்கள் முகத்தைக் கொடுத்து விடை கண்டுபிடித்தார்கள்.

சோனியைப் பற்றி எழுதும்போது கை தாராளமாகிறது. 2016இல் வந்த அவர்களின் முதல் ஹெட்செட்டிலேயே, எடையை நெற்றியும் பின்மண்டையும் தாங்கும்படி ஒரு வளையம் வைத்தார்கள். திரை கண்முன்னால் தொங்குகிறது. மெல்லிய ரப்பர் மறைப்பு மட்டும் கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் நிம்மதியாகப் போட்டுக்கொள்ளலாம். 2023 பிப்ரவரியில் வந்த பிஎஸ்விஆர் 2விலும் அதே வளையம். எடை 560 கிராம், ஆனாலும் கன்னத்தில் தடம் விழுவதில்லை. கன்னத்தை நசுக்காமல் ஹெட்செட் செய்ய முடியும் என்பது 2016லேயே உலகறிய நிரூபணமாகிவிட்டது. மற்ற நிறுவனங்கள் பல அதற்குப் பிறகும் கன்னத்தையே நம்பிவந்த உறுதி அசாத்தியமானது. படத்தில் மட்டும் சோனி கொஞ்சம் பிடிவாதக்காரர்: கண்ணுக்கு 2000×2040 ஓலெட், நிறங்கள் கொள்ளை அழகு, ஆனால் ஃப்ரெனெல் லென்ஸ் என்பதால் கூர்மையான இடம் சிறியது. வளையத்தைச் சரியாக உட்காரவைக்கும் வரை அந்த அழகு முழுதாகக் கிடைக்காது.

எடையை உண்மையாகவே குறைத்தவர்கள் பிக்ஸ்கிரீன். 2023இல் வந்த பியாண்ட் 127 கிராம்தான். வாங்கியவர் ஐஃபோனால் தன் முகத்தை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டியிருந்தது. அந்த முகத்துக்கென்றே மெத்தை வார்த்து, லென்ஸ் இடைவெளியையும் அந்தக் கண்களுக்கென்று நிரந்தரமாக வைத்து அனுப்பினார்கள். பிரமாதமாகப் பொருந்துகிறது, ஒரே ஒருவருக்கு. வீட்டில் இன்னொருவர் ஆசைப்பட்டால் ஆசையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். எடையும் மாயமாகிவிடவில்லை. சக்திவாய்ந்த கணினி வேண்டும், வயர் வேண்டும், அறையின் மூலைகளில் அசைவைக் கண்காணிக்கும் நிலையங்கள் வேண்டும், கைக்கருவிகளைத் தனியே வாங்க வேண்டும். கழுத்திலிருந்து இறக்கியதை வீட்டின் மேலும் பணப்பையின் மேலும் ஏற்றியிருக்கிறார்கள். இருந்தாலும் கழுத்தைப் பற்றி யோசித்தார்களே. 2025இல் வந்த இரண்டாம் பதிப்பு 107 கிராம். லென்ஸ் இடைவெளியையும் மாற்றிக்கொள்ள முடிகிறது.

பான்கேக் லென்ஸ் ஹெட்செட்டை ஒல்லியாக்கியது என்று புகழ்கிறார்கள், நியாயம்தான். ஒளியை உள்ளேயே மடித்து அனுப்புவதால் திரைக்கும் கண்ணுக்கும் நடுவே தூரம் குறைகிறது. மடிக்கிற வேலையைச் செய்வது பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி. ஒளி அதை இரண்டு முறை சந்திக்கிறது என்பதால் அதிகபட்சம் கால் பங்குதான் கண்ணுக்கு வருகிறது. இழந்த முக்கால் பங்கை ஈடுகட்டத் திரை இன்னும் பிரகாசமாக எரிகிறது. சூடும் பேட்டரிச் செலவும் ஏறுகின்றன. முதல் விஷன் ப்ரோவின் பேட்டரி வீடியோ பார்த்தால் இரண்டரை மணி நேரம். நம் படங்கள் பலவற்றுக்கு இடைவேளைக்குப் பின் வரும் கிளைமாக்ஸைத் தாண்டவே அது போதாது.

கண்ணே நோகும் விஷயம் ஒன்றும் பாக்கி இருக்கிறது. கைக்கெட்டும் பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன, கண்ணின் லென்ஸும் அந்தத் தூரத்துக்குக் குவிகிறது. ஹெட்செட்டில் திரும்புவது நடக்கும். குவிவு மட்டும் எப்போதும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். இந்த முரண் கண்ணைக் களைப்படைய வைக்கிறது என்பதை பெர்க்லியில் மார்ட்டின் பேங்க்ஸின் குழு 2008லேயே காட்டிவிட்டது. மருந்தும் கண்டுபிடித்தாயிற்று. பார்வை போகும் தூரத்துக்கேற்பத் திரையை நகர்த்தும் ஹாஃப் டோம் என்ற மாதிரியை மெட்டா, அன்றைய ஃபேஸ்புக், 2018இல் மேடையில் காட்டியது. அடுத்த ஆண்டு நகரும் பாகமே இல்லாத பதிப்பையும் காட்டினார்கள். எனக்குத் தெரிந்து அது கடைக்கு வரவில்லை. ஆய்வகத்தில் கண்களுக்குக் கிடைக்கும் மரியாதை பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், இந்தக் கருவி பிழைக்க வேண்டும் என்ற ஆசை. படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவர் கடற்கரையில் நிற்க இதைவிட நல்ல வழி இன்று இல்லை. அவருடைய கழுத்தால் 800 கிராமைத் தாங்க முடியாது, அவ்வளவுதான். ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு: கடையில் காட்டும் டைனோசரை ஐந்து நிமிடம் பார்த்து வாய்பிளந்ததும் கார்டை நீட்டாதீர்கள். அரை மணி நேரம் மாட்டியிருக்க விடச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவரென்றால் அதோடு மாட்டுங்கள், இல்லை தனி லென்ஸுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். விஷன் ப்ரோவுக்குப் பவர் லென்ஸ் 149 டாலர் கூடுதல். கூந்தலைக் கொண்டை போடுகிறவர் கொண்டையோடு போய்ப் பட்டை எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். தலையைக் குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, படத்தின் எழுத்து அசையாமல் நிற்கிறதா என்று சோதியுங்கள். விற்பவர் நிச்சயம் பிக்சல் எண்ணிக்கையைச் சொல்வார். நீங்கள் பட்டையின் விலையைக் கேளுங்கள்.