வீட்டிலிருந்து போய்வர ஏலுமா?

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் அரை மணி நேரம் கவலைப்பட்டார். மகன் கணினி விஞ்ஞானம் படிக்கப் போகிறான். சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகமா, வெளிமாநிலமா என்று வீட்டில் சண்டை. மாநில எல்லையைத் தாண்டினால் அரச பல்கலைக்கழகம்கூட இரண்டு மூன்று மடங்கு கட்டணம் கேட்குமாம். "அத்தான், நீங்க கொம்பியூட்டர் படிச்ச ஆள்தானே, ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

கண்டியில் இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்களுக்கு மாநிலம் இல்லை, மாவட்டம்தான் உண்டு. அங்கே கோட்டைத் தாண்டினால் கட்டணம் கூடுகிறது. இங்கே கோட்டைத் தாண்டினால் வெட்டுப்புள்ளி குறைகிறது.

நான் உயர்தரம் எழுதியது 1994இல். அப்போது நான்கு பாடம், மொத்தம் 400 புள்ளி. கோடு எங்கே விழுகிறது என்றால், புசல்லாவை எங்கள் கண்டி மாவட்டம். அதே வீதியில் மேலே ஏறினால் வரும் றம்பொடை நுவரெலியா மாவட்டம். றம்பொடைப் பக்கம் தோட்டத்தில் இருந்த பெரியப்பா மகன் என்னைவிடக் குறைவாகவே எடுத்தான். அவன் பொறியியல் பீடத்துக்கும் நான் விஞ்ஞான பீடத்துக்கும் தெரிவானோம். "அப்பவே உன்னைப் பெரியப்பா வீட்டிலே விட்டிருக்கலாம்" என்று அம்மா வருடக்கணக்கில் புலம்பினார். அவனுடைய பள்ளிக்கூடத்தில் பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லை என்பதையும், கண்டி டவுனில் எனக்கு மூன்று டியூசன் இருந்ததையும் அம்மா கணக்கில் சேர்க்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் பல்கலைக்கழகங்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். விருப்பம் என்னுடையது என்று படிவம் நம்பியது. வரிசை அப்பாவுடையது. அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "வீட்டிலயிருந்து போய்வர ஏலுமா?"

எனக்குக் கொழும்பு ஆசை. அப்போது கொழும்பில் தமிழ்ப் பையன் அறை எடுத்தால் பொலிஸில் பதிய வேண்டும், சோதனைச் சாவடிக்குச் சாவடி அடையாள அட்டை நீட்ட வேண்டும். அப்பா அந்தப் பெயரை வெட்டினார். யாழ்ப்பாணத்தை வெட்டுவதற்கே அவசியம் இருக்கவில்லை. ஏ9 வீதி கண்டியில்தான் ஆரம்பிக்கிறது, ஆனால் மறுமுனை அப்போது மூடியிருந்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் திருச்சிக்குப் போன சித்தப்பா, "இங்கே அனுப்பு, காலேஜ் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினார். அவரை ஏற்றிப்போன தலைமன்னார்க் கப்பல் 1984ஓடு நின்றிருந்தது. அப்பா கடிதத்தை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். ஆகவே பேராதனை. வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர்.

பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். 1987 முதல் 1989 வரை பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்ததில் சேர்ந்த வரிசை அது. சும்மா இருக்காமல் டவுனில் ஒரு மாடியறையில் வேர்ட்ஸ்டாரும் லோட்டஸ் 1-2-3யும் கற்றேன். சான்றிதழை லெமினேட் செய்து மாட்டினார் அப்பா. அது சுவரில் ஏறுவதற்குள் லோட்டசின் காலம் முடிந்துவிட்டது.

பேராதனையில் கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்கு அடுத்தபடியாக நான் பயபக்தியோடு நுழைந்த இடம் அதுதான். ஏசி கணினிக்கு, வியர்வை எங்களுக்கு. ஒரு திரைக்கு முன்னால் மூன்று பேர். ஒருவன் தட்டுவான், ஒருவன் பிழை சொல்வான், மூன்றாவது ஆளாக நான் ஐந்து மணி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பேன். மாத்தறையிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்தவர்கள் விடுதியில் விடியவிடியப் பேசி, காதலித்து, சண்டைபோட்டு, சமாதானமாகி, அடுத்தநாள் சிவந்த கண்ணோடு விரிவுரைக்கு வருவார்கள். நான் அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலோடு வருவேன். மற்றவர்கள் கெம்பஸில் படித்தார்கள், நான் கலஹா சந்தி பஸ் தரிப்பில் படித்தேன்.

இது அப்போது.

என் மகளுக்கு 2024 மே மாதம் பெறுபேறு வந்தது. இப்போது மூன்று பாடம். மொத்தப் புள்ளியின் இடத்தில் இசட் புள்ளி. கோடு மட்டும் மாறவில்லை: 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டத்துக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மகள் கைந்நூலைப் புரட்டி "யூனிகோட் எல்லாம் எழுதிட்டேன் அப்பா" என்றாள். தமிழ் எழுத்துரு விஷயம் என்று நினைத்து நான் பத்து நிமிடம் விளக்கம் கொடுத்தேன். அவள் சொன்னது பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் குறியீட்டை.

அவளுக்குக் கிடைத்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம். "திருநெல்வேலியில இருக்கு" என்றாள். எண்பது வயது அம்மா உள்ளேயிருந்து கேட்டார்: "பாஸ்போட் எடுத்தாச்சா?" யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருப்பதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தவே ஒரு மாலைப்பொழுது போனது.

பிறகு நான் கணக்குப் பார்த்தேன். மச்சானின் கணக்கு இங்கே தலைகீழாக நின்றது. கண்டியிலேயே இருந்து தனியார் நிறுவனத்தில் கணினிப் பட்டம் படித்தால் இலட்சக்கணக்கில் கட்ட வேண்டும். பேராதனை போகும் வீதியில் வெளிநாட்டுப் பட்டங்களை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. சுமார் 320 கிலோமீட்டர் தள்ளி யாழ்ப்பாணத்தில் படித்தால் கற்பித்தலுக்கு ஒரு சதமும் வேண்டாம். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இலிருந்து இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுக்குப் பக்கம் மலிவு. இங்கே தூரம்தான் மலிவு.

இவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டவன் வாயைத் திறந்தேன். "இங்கேயே ஒரு பிரைவேட் கெம்பஸ் பார்த்தா என்ன மகள்? லோன் போடலாம். வீட்டிலயிருந்து போய்வர ஏலும்தானே?"

அப்பா இறந்து பதினொரு வருடம். குரல் மட்டும் இன்னும் வீட்டில் இருந்திருக்கிறது.

மகள் திரும்பிப் பார்த்தாள். "வீட்டிலயிருந்து போய்வந்து நீங்க எங்கப்பா போனீங்க?"

பதில் இல்லை. நான் வேலை செய்யும் இடமும் பேராதனை வீதியில்தான்.

பஸ் ஏற்றிவிடப் போனோம். கட்டுகஸ்தோட்டை, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, ஆனையிறவு. நான் செய்திகளில் மட்டும் கேட்ட பெயர்களையும் கொண்டக்டர் சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார். இப்போது அவளுடைய அறைத் தோழி மாத்தறைச் சிங்களப் பிள்ளை. விரிவுரை ஆங்கிலத்தில், சண்டை சிங்களத்தில், சமாதானம் தமிழில் என்கிறாள். கணினியை மடியில் வைத்துக்கொண்டு, செருப்போடு, மரத்தடியில் இருந்து படிக்கிறாளாம்.

மச்சான் கவலைப்பட்ட அந்த ஞாயிறு இரவே அவருக்குச் சொன்னேன்: "கட்டணத்தை நீங்க பாருங்க, தூரத்தை அவன் பார்க்கட்டும்." நல்ல யோசனை என்றார். மகனுக்கு ஐம்பது மாநிலத்தையும் திறந்துவிட்டார்.

அவன் சொந்த மாநிலத்தையே தெரிவு செய்தான். வீட்டிலிருந்து காரில் நாற்பது நிமிடமாம். போய்வரலாமாம்.