வசூல் சக்கரவர்த்தி

டிசம்பர் பிறந்தால் சென்னையில் இரண்டு சீசன் ஆரம்பம். ஒன்று கச்சேரி சீசன், இன்னொன்று வசூல் சீசன். முன்னதற்கு நாம் தேடிப் போகவேண்டும். பின்னது நம் வீட்டு அழைப்புமணியை அடித்துக்கொண்டு தானே வரும். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம், 1992-ல் ஐ.நா. சபை அறிவித்தது. டிசம்பர் 7 கொடி நாள், 1949-லிருந்து நடக்கிறது. இரண்டுக்கும் பின்னாலேயே அரையாண்டுத் தேர்வு. புத்தகத்தை எடு என்று சொன்னதும் ஊருக்கு உதவவேண்டும் என்ற எண்ணம் பொங்கிக் கிளம்புகிற வயது ஒன்பது. வசூல் சக்கரவர்த்தி அரியணை ஏறுவது அந்த வயதில்தான்.

ஞாயிற்றுக்கிழமையிலும் சீருடைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பள்ளி முத்திரை குத்திய நோட்டு. இதுதான் அவருடைய ராஜ அலங்காரம். கூடவே ஆறு வயதுத் தங்கை, நிதியமைச்சர். உண்டியல் அவள் பொறுப்பு. அண்ணன் பேசுவார், தங்கை குலுக்குவாள். பேச்சைவிடக் குலுக்கலுக்குத்தான் பலன் அதிகம்.

சக்கரவர்த்திக்கு நேரம் தெரியும். காலை ஆறரைக்கு வரமாட்டார். காப்பி குடிக்காத மனிதனிடம் கருணை இருக்காது. பத்தரைக்கு வருவார். வாசலில் அந்நியச் செருப்புகள் கிடந்தால் அந்த வீட்டுக்கு முன்னுரிமை. சம்பந்தி வீட்டார் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது ஐந்து ரூபாயை நீட்டுகிற துணிச்சல் எந்தக் குடும்பத் தலைவருக்கும் கிடையாது.

நோட்டின் முதல் வரியில் அப்பாவின் பெயரும் எதிரே 500 என்ற எண்ணும் இருக்கும். இது மொய் எழுதுகிறவர்கள் அறிந்த சூட்சுமம்: முதல் வரி என்னவோ அதுதான் பந்தியின் தரம். ஒரே வித்தியாசம், இந்த மொய் திரும்பி வராது. அதனால்தான் பெரியவர்களுக்குப் பேனா கனக்கிறது.

கொடுக்காமல் தப்பிக்கப் பார்ப்பவர்களையும் சக்கரவர்த்தி இனம் பிரித்து வைத்திருக்கிறார். முதல் இனம் 'சில்லறை இல்லையே கண்ணா' இனம். பல தலைமுறைகளைக் காப்பாற்றிய இந்தக் கவசம் இப்போது செல்லாது. "ஜிபே பண்ணலாம் அங்கிள், அம்மா நம்பர் சொல்லட்டுமா?" என்பார். இரண்டாவது இனம் பரீட்சை வைக்கும். "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு, தரேன்." சக்கரவர்த்தி சொல்லிவிடுவார். கேட்டவருக்குத்தான் பதினாறேழு சரியா தவறா என்று தெரியாமல் விழிக்க நேரும். மூன்றாவது இனம் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு, 80ஜி ரசீது உண்டா என்று விசாரிக்கும்.

நான்காவது இனம் தத்துவ இனம். "இந்தப் பணமெல்லாம் போய்ச் சேருமா?" இந்தக் கேள்வியைக் கேட்பவர் பதிலுக்காகக் கேட்பதில்லை, கதவைச் சாத்துவதற்காகக் கேட்கிறார். ஆனால் சக்கரவர்த்தியின் வகுப்பு மிஸ் பதிலைச் சொல்லி அனுப்பியிருப்பார். கொடி நாள் நிதி முன்னாள் படைவீரர் நலனுக்குப் போகிறது. போரில் காயம்பட்டவர்களின் மறுவாழ்வும் அதில் அடக்கம். முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போன வீரர்களுக்காகப் புனே அருகே கட்கியிலும் பஞ்சாபில் மொகாலியிலும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. இவ்வளவையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு சக்கரவர்த்தி மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியில் அமைச்சர் ஒரு குலுக்குக் குலுக்குவாள். "எதிர்வீட்டு ஆன்ட்டி அம்பது போட்டாங்க" என்று புள்ளிவிவரமும் தருவாள். கதவு மறுபடி திறக்கும்.

கொடி விற்கிற சீசனில் இன்னொரு துன்பமும் உண்டு. விற்காத கொடிகளைத் திருப்பிக் கொடுப்பது அரச கௌரவத்துக்கு இழுக்கு. மிச்சத்தை அப்பாவே வாங்கவேண்டும். பிப்ரவரி வரைக்கும் அந்த மனிதருடைய எந்தச் சட்டைப் பையில் கைவிட்டாலும் முப்படைகளும் குண்டூசியோடு தயாராக இருக்கும்.

சரி, யாருக்காக வசூல் என்பது சக்கரவர்த்திக்குத் தெரியுமா? பாடமாகத் தெரியும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறன் வகைகளை 7-லிருந்து 21-ஆக உயர்த்தியது என்பார். ரியோ பாராலிம்பிக்கில் அதே ஆண்டு உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய சேலத்து மாரியப்பன் தங்கவேலு பற்றிப் பேச்சுப்போட்டிக் குரலில் நாலு வரி சொல்வார். ஆனால் மாற்றுத்திறனாளிகள் என்பவர்கள் கட்கி, ரியோ போன்ற தொலைதூர ஊர்களில் வசிப்பவர்கள் என்றே அவர் நினைத்திருந்தார். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், சௌகரியமான நினைப்பு.

இந்த நினைப்போடுதான் எங்கள் குடியிருப்பின் சக்கரவர்த்தி தரைத்தளத்து வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்தவர் இரண்டு ஊன்றுகோல்களில் நின்றார். குழந்தையில் போலியோ வந்தவர். பின்னால் துணைச்சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் தினமும் அலுவலகம் போய் வருகிறவர்.

சக்கரவர்த்தி தயங்கவே இல்லை. "அங்கிள், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுங்க."

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த எனக்கு, அப்படியே திரும்பி ஏறிவிடலாமா என்று இருந்தது. அவரோ சிரித்தார்.

"நான் போட்டா எனக்கே திரும்பி வருமாடா?"

சக்கரவர்த்தி ஊன்றுகோலைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "மொத்தம் 21 வகை இருக்கு அங்கிள். உங்களுது எது?"

"கை கால் இயக்கக் குறைபாடுன்னு ஒண்ணு இருக்கும் பாரு, அதுல சேர்த்துக்கோ. போலியோ. நாங்கள்லாம் பழைய ஸ்டாக். 2014-லயே இந்தியாவுல போலியோ இல்லைன்னு சர்ட்டிபிகேட் வாங்கியாச்சு."

பிறகு மாரியப்பன் உரையும் நடந்தது. அதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பரிசுப் பணத்துல 30 லட்சத்தைத் தான் படிச்ச அரசுப் பள்ளிக்குக் குடுக்கிறேன்னு அவர் சொன்னதா அப்ப பேப்பர்ல வந்துது. நீ என்கிட்ட வந்ததுக்கு அவர்கிட்ட போயிருக்கலாம்."

உதவி வாங்குகிற பக்கத்தில் எழுதியிருந்த பெயர் கொடுக்கிற பக்கத்துக்குத் தாவியதில் சக்கரவர்த்தியின் கணக்கு குழம்பிவிட்டது. தெளிவுபடுத்திக்கொள்ள நேராகவே கேட்டார்: "அப்ப உங்களுக்கு என்னதான் வேணும் அங்கிள்?"

பல வருடங்களாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். பொங்கலுக்குப் பொங்கல் கொடுத்திருக்கிறோம், தீபாவளிக்கு லேகியம் கொடுத்திருக்கிறோம். இந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

"கட்டட வாசல்ல ரெண்டு படி இருக்கு பாரு. வாட்ச்மேன் கைகொடுத்தாத்தான் ஏற முடியுது. அந்த இடத்துல ஒரு சாய்தளம் போட்டா போதும். சங்கக் கூட்டத்துல சொல்லியாச்சு. பரிசீலனையில இருக்கு."

"எவ்ளோ பெருசு வேணும்?"

"ஒண்ணுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி ஏறணும்னா பன்னிரண்டு அடி நீளம்."

நூறு ரூபாய் போட்டு அனுப்பினார். சக்கரவர்த்தி வீட்டுக்குப் போகவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு படி அரை அடி, இரண்டு படி ஓர் அடி. சுவரோரமாகப் பன்னிரண்டு அடியை அளந்துகொண்டே போனவரின் ஸ்கேல் ஒரு டயரில் முட்டி நின்றது. சங்கச் செயலாளரின் கார். பரிசீலனை எங்கே நின்றுகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கும் விளங்கியது.

அடுத்த ஞாயிறு சக்கரவர்த்தி புது நோட்டோடு கிளம்பினார். இந்த முறை பள்ளி முத்திரை இல்லை, பதக்கம் இல்லை, பிரார்த்தனைக் கூட்டத்தில் கைதட்டலும் இல்லை. செயலாளர் தாராள மனசுக்காரர். எந்த நற்காரியத்துக்கும் நோட்டில் அப்பாவுக்கு அடுத்த கையெழுத்து அவருடையதுதான். வாசலில் பார்த்தவுடனே ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டிவிட்டார்.

"பணம் வேண்டாம் அங்கிள். காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க."

செயலாளர் பதினாறாம் வாய்ப்பாட்டை மறந்தவர் போல நின்றார். கொத்தனார் கிடைக்கவில்லை, மழைக்காலம், பொதுக்குழுவில் வைக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். சக்கரவர்த்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நோட்டை விரித்து நீட்டினார். பெயர் என்ற இடத்தில் செயலாளர் பெயர், தொகை என்ற இடத்தில் 'கார் - 1' என்று முன்கூட்டியே எழுதியிருந்தது. கையொப்பம் மட்டும் காலி. நிதியமைச்சர் பழக்கதோஷத்தில் உண்டியலை ஒரு குலுக்குக் குலுக்கினாள்.