விரைவியல்: கோட் எடிட்டரில் நேரம் சேமிப்பது பற்றி

கோட் எடிட்டரில் விரைந்து வேலை செய்வதாவது, வேலையைத் தொடங்குமுன் செய்யப்படும் வேலைகளின் தொகுதி. இதை ஆராயும் துறை விரைவியல் எனப்படும். கடைசியில் செய்யப்படும் அந்த வேலையும் இத்துறைக்குள் அடங்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அடங்கும் என்பார் முதல் உரைகாரர். அடங்கினாலும் சிறுபான்மை என்பார் இரண்டாம் உரைகாரர். துறையில் இரண்டாமவர் கொள்கையே நிலைத்துவிட்டது.

விரைவு ஐவகைப்படும்: கருவியால் வருவது, நிறத்தால் வருவது, இடைவெளியால் வருவது, விரலால் வருவது, அமைப்புக் கோப்பால் வருவது. மவுஸால் வருவது ஆறாவது என்பாரும் உளர். அவர்கள் கருத்தரங்குகளுக்கு அழைக்கப்படுவதில்லை.

கருவியால் வரும் விரைவுக்கு ஆதி நூல் 'எட்'. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய இந்த எடிட்டர், கட்டளையில் எந்தப் பிழை நேர்ந்தாலும் ஒரேயொரு கேள்விக்குறியைக் காட்டும். எங்கே பிழை, ஏன் பிழை என்று சொல்லாது. வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அதற்கு ஒரு முற்பகலும் மதியச் சாப்பாடும் தேவைப்படுகின்றன. 1976இல் இரு சமயங்கள் தோன்றின. பெர்க்லியில் பில் ஜாய் 'விஐ'யை எழுதினார். எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலானோர் ஈமாக்ஸை உருவாக்கினர். இன்றைய ஈமாக்ஸுக்குள் டெட்ரிஸ் விளையாட்டு உண்டு. பயனாளர் தம் மனக்குறையைத் தட்டினால் பதிலுக்குக் கேள்வியே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மருத்துவரும் உண்டு. சேமித்த நேரத்தை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது என்ற வினாவுக்குத் தன்னுள்ளேயே விடை வைத்திருப்பது இதன் சிறப்பு. விஐயின் வழித்தோன்றலான விம்மை 1991இல் பிராம் மூலெனார் வெளியிட்டார். 2015இல் வந்த விஷுவல் ஸ்டூடியோ கோடை ஏராளமானோர் சிக்கலின்றிப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே அதில் ஆய்வுக்கு ஒன்றுமில்லை.

நிறத்தால் வரும் விரைவு: கறுப்புப் பின்னணி. விரிப்பிற் பெருகும்.

இடைவெளியால் வரும் விரைவு, வரியின் தொடக்கத்தில் டேப் விசையால் இடம் விடுவதா, ஸ்பேஸால் விடுவதா என்ற வழக்கைச் சார்ந்தது. லினக்ஸ் கெர்னலின் நடைவிதி டேப் என்றும், அதன் அகலம் எட்டு என்றும் ஆணையிடும். பைத்தானின் நடைவிதி நான்கு ஸ்பேஸ் என்னும். கோ மொழியோடு வரும் கருவி யாரையும் கேளாமல் டேப்பாக மாற்றிவிட்டுப் போய்விடும். விவாதத்துக்கு இடமே வைக்காததால் இத்துறையினர் அதை மன்னிக்கவில்லை. மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். மேக்ஃபைலைப் படிக்கும் 'மேக்' கருவியை 1976இல் படைத்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், இது சரியில்லை என்று விரைவிலேயே உணர்ந்தார். ஆனால் அதற்குள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் விட்டுவிட்டார். ஒரு தவறு மரபாவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு இலக்கண நூல்கள் எண் சொல்வதில்லை. விரைவியல் சொல்கிறது: பன்னிருவர்.

இனி விரலால் வரும் விரைவு. விம்மில் கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் விசைகளே போதும்: முறையே இடம், கீழ், மேல், வலம். பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் இந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன என்பது காரணம். இவ்வளவு எளிய காரணம் அறிஞர்க்கு ஒவ்வாது. தமிழ்99 விசைப்பலகையில் அதே நான்கு இடங்களில் க, ப, ம, த அமர்ந்திருப்பதை மூன்றாம் உரைகாரர் கண்டறிந்தார். மேலே போக 'ம'. அது மேல் என்பதன் முதலெழுத்து. கீழே போக 'ப', அது பாதாளம். 'க'வும் 'த'வும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. நான்கில் இரண்டு பொருந்தியதால் விஐயின் மூலம் தமிழே என்று அவர் நிறுவி முடித்தார். தமிழ்99 விஐக்கு 23 ஆண்டுகள் பிந்தியது என்ற செய்தியை அவர் ஓர் இடையூறாகக் கருதவில்லை. கருதும் வழக்கமும் நம் சொற்பிறப்பியலாரிடம் இல்லை.

விம்மின் கட்டளைகள் ஓரெழுத்தாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பில் ஜாய் வேலை செய்தது 300 பாட் மோடம் வழியாக. நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் வரும். 24 வரி, வரிக்கு 80 எழுத்து என்ற திரை முழுவதும் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அப்படிப்பட்ட கம்பியில் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணித்தான் அனுப்ப வேண்டும். இன்று கம்பி தடித்துவிட்டது. எண்ணும் பழக்கம் மட்டும் மெலியவில்லை.

ஓரெழுத்துக் கட்டளை என்றதும், எழுத்து எப்போது எழுத்து, எப்போது கட்டளை என்ற வினா எழும். எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்குக் கடத்துவது எஸ்கேப் விசை. இதைச் சற்றே விரிவாக நோக்குதல் தகும்.

எஸ்கேப்பை 1960இல் ஐபிஎம்மில் இருந்த பாப் பெமர் படைத்தார். ஆஸ்கி அட்டவணையில் இதன் எண் 27. ஏடிஎம்-3ஏயில் இது இன்றைய டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலின் மடியிலேயே இருந்தது. பின்னர் விசைப்பலகையின் வடமேற்கு மூலைக்குக் குடிபெயர்ந்தது. அன்றுமுதல் சுண்டுவிரல் நாளெல்லாம் யாத்திரை செய்கிறது. யாத்திரையைத் தவிர்க்க மூன்று உபாயங்கள் உண்டு. முதலாவது, யாருக்கும் பயன்படாத கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றுதல். இரண்டாவது, கன்ட்ரோலுடன் சதுர அடைப்பின் திறப்பை அழுத்துதல். அடைப்பின் எண் 91, கன்ட்ரோல் அதில் 64ஐக் கழிக்கும், எஞ்சுவது 27. மூன்றாவது, ஜேயை இருமுறை தட்டினால் எஸ்கேப் என்று கொள்ளுமாறு விம்முக்குக் கற்பித்தல். இந்த மூன்றாவதில் ஓர் ஆபத்து: தமிழ்99ஐ இயக்கிக் குறிப்புரை எழுதிவிட்டு, அதை அணைக்க மறந்து தட்டினால் 'ப்ப' என்று விழும். விம் நகராது.

2016இல் ஆப்பிள் நிறுவனம் சில மேக்புக் புரோக்களிலிருந்து எஸ்கேப் விசையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தொடுபட்டை வைத்தது. 2019இல் விசை திரும்பியது. இடைப்பட்ட காலம் இருண்ட காலம் எனப்படும். தம்மிடம் சான்று இல்லாத காலத்துக்கு வரலாற்றாசிரியர்கள் இடும் பெயர் அது. இங்கே சான்று ஏராளம், விசைதான் இல்லை.

எஸ்கேப்பை எத்தனை முறை அழுத்துவது? ஒருமுறை அழுத்துவோர் நம்புவோர். இருமுறை அழுத்துவோர் ஐயுறுவோர். மும்முறை அழுத்துவோர் அனுபவசாலிகள். ஒருமுறைக்கு மேற்பட்டவை ஒன்றும் செய்யா என்பது முதல் உரைகாரர் முடிபு. இரண்டாம் உரைகாரர் தம் உரையில் இதை மறுக்கவில்லை. உரையின் அடிக்குறிப்பில் ஐயம் தெரிவிக்கிறார். அந்த அடிக்குறிப்புக்கு எழுதிய அடிக்குறிப்பில் கடுமையாக மறுக்கிறார். கட்டளை நிலையில் எஸ்கேப்பை அழுத்தினால் விம் மணி அடிக்கும். ஆகவே இரண்டாம் அழுத்தல் முதலாவதற்குச் சாட்சி என்பது அவர் வாதம். அவருடைய மாணாக்கரும், பின்னர் மருமகனும், அதன்பின் துறைத்தலைவருமாகிய மூன்றாம் உரைகாரர், அந்தச் சாட்சிக்கும் சாட்சி வேண்டும் என்று தனி நூலே எழுதி மூன்றாம் அழுத்தலை நியாயப்படுத்தினார். அந்நூலுக்கு அணிந்துரை வழங்கியவர் இரண்டாம் உரைகாரர். மதிப்புரை எழுதியவரும் அவரே. மணியைப் பொறுக்காதவர்களுக்காக, எஸ்கேப்புக்கான மணியை மட்டும் தனியே நிறுத்தும் வசதியும் விம்மில் உண்டு. விம்மின் கிளையான நியோவிம்மோ எல்லா மணிகளையும் இயல்பாகவே அடக்கிவிட்டது. அதன் பயனாளர்கள் சாட்சியின்றியே மும்முறை அழுத்துகிறார்கள்.

நிலைகளே வேண்டா என்போர் புறச்சமயத்தார். அவர்களில் தலையாயவர் லாரி டெஸ்லர். வெட்டி ஒட்டும் முறையை ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர். தம் காரின் எண்பலகையிலேயே 'நோ மோட்ஸ்' என்று பொறித்துக்கொண்டவர். உலகம் முழுவதும் இன்று அவர் வழியில் வெட்டி ஒட்டுகிறது. ஆய்வேடுகளும் அப்படித்தான் உருவாகின்றன. எனவே அவரை மறுப்பது துறைக்குள் எளிதாக இல்லை.

எஞ்சியது அமைப்புக் கோப்பு. விம்மின் எல்லாப் பழக்கங்களையும் மாற்றும் கட்டளைகள் இக்கோப்பில் இருக்கும். இதை யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. மூத்தவரிடமிருந்து இளையவர் படியெடுப்பார். பல கோப்புகளின் முதல் வரி 'செட் நோகம்பாட்டிபிள்': பழைய விஐபோல் நடக்காதே என்று விம்முக்கு இடும் ஆணை. ஆனால் பயனாளரின் அமைப்புக் கோப்பு ஒன்று இருப்பதைக் கண்டாலே விம் அவ்வாறு நடப்பதை விட்டுவிடும். கோப்பு இருப்பதாலேயே நடந்துவிட்டதைக் கோப்பின் முதல் வரி மறுபடி கட்டளையிடுகிறது. முதல் உரைகாரர் இதை மங்கல வாழ்த்து என்பார். இரண்டாம் உரைகாரர் கூறியது கூறல் என்னும் குற்றம் என்பார். மூன்றாம் உரைகாரர் அந்த வரியை நீக்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. திரும்ப வைத்துவிட்டார்.