வால்வு செய்தவர்கள்

கேள்வி: என் மகள் மருத்துவப் பொறியியல் படிக்க விரும்புகிறாள். டாக்டராகவும் ஆகாமல், இன்ஜினீயராகவும் ஆகாமல் நடுவில் நின்றுவிடுவாளோ?

பதில்: நடுவில் நிற்பவர்கள் இல்லாவிட்டால் டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்! திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில், உலோக சாஸ்திரம் அறிந்தவர்களும் சிகிச்சை அறிந்தவர்களும் கூடி உழைத்து, முந்தைய மாதிரிகள் பிழைபட்டபோதும் மனந்தளராமல், கோபால்ட் கலந்த உலோக வளையத்துக்குள் பிளாஸ்டிக் தட்டு சாய்ந்து திறக்கும் வால்வை உருவாக்கி, 1990 டிசம்பரில் ஒரு மனித இருதயத்தில் பொருத்தினார்களே, அதைவிட உத்தமமான உத்தியோகம் எது? வெண்டிலேட்டரையும் டயாலிசிஸ் யந்திரத்தையும் பராமரிக்கும் ஆஸ்பத்திரிப் பணி, உபகரணத் தொழிற்சாலை, தர பரிசோதனை, ஆராய்ச்சி என்று வழிகள் பல உண்டு. ஆரம்பச் சம்பளம் மட்டும் சில இடங்களில் சொற்பமாயிருக்கும். மேற்படிப்புக்குச் சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., ஸ்ரீ சித்திரா மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினீயரிங் இருக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன், மாணவர்களை ஆஸ்பத்திரிக்குள் அனுப்பிப் பயிற்றுகிறார்களா என்று அவசியம் விசாரியுங்கள்.