பெட்டி வைத்தாயிற்று

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்துக்கு இனி ஒரு குறைச்சலும் இல்லை. பெட்டி வைத்தாயிற்று. புகார் போடும் அந்தப் பெட்டிமேல் 'மாணவர் மனசு' என்று பெயரும் எழுதியாயிற்று. 14417, 1098 என்று கூப்பிட எண்களும் உண்டு. பிள்ளைகள் வாயைத் திறந்து சொன்னால் போதும், மிச்சத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாங்குநேரிப் பையன் சொன்னான். 2023 ஆகஸ்ட். பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவன். கூடப் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்களின் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. சொன்னான். இரவில் அரிவாளோடு வீடு தேடி வந்தார்கள். குறுக்கே விழுந்த தங்கைக்கும் வெட்டு. ஒரு மாணவனின் புகார்மீது இவ்வளவு விரைவாக நடவடிக்கை எடுத்தவர்கள் இந்த மாநிலத்தில் அவர்கள் மட்டும்தான்.

பிறகென்ன, குழு. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க என்ன செய்யலாம் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றார். அதற்காக எந்தக் கட்சி மறியல் செய்தது? கையில் கயிறு வேண்டாம், நெற்றியில் பொட்டு வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். பற்றிக்கொண்டது. சென்னை மாநகராட்சிக் கூட்டத்திலேயே ஒரு பா.ஜ.க. கவுன்சிலர் அறிக்கை நகலைக் கிழித்தார். (படித்துவிட்டுத்தான் கிழித்தாரா என்று கேட்பது மரியாதை ஆகாது.) 2019இலும் இதே கூத்துதான். சாதிக் கயிற்றைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போனது. அது தன் கவனத்துக்கே வரவில்லை, பழைய நடைமுறையே தொடரும் என்றார் அன்றைய அமைச்சர் செங்கோட்டையன். சின்னப் பயல் மணிக்கட்டில் ஊர்ப் பெரியவர்கள் கட்டிய கயிறு. அவிழ்த்தால் ஓட்டும் சேர்ந்து அவிழும் அல்லவா!

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான். பென்சில் தகராறாம். தடுத்த ஆசிரியைக்கும் காயம். உடனே எல்லாருக்கும் தோன்றிய ஞானம்: பையைச் சோதியுங்கள். சோதிக்கலாம். ஒரு பென்சிலை நினைத்து அவன் எத்தனை நாள் குமைந்தான், வீட்டிலிருந்து அரிவாளை எடுத்துப் பையில் வைக்கிற அளவுக்கு அவனுக்குள் என்ன வளர்ந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள்? அதற்குத்தான் பி.டி. சார் இருக்கிறாரே, பிரம்போடு. நீதிபோதனை பீரியடைக் கணக்கு சார் எப்போதோ கடன் வாங்கிப்போனார், இன்னும் திருப்பவில்லை. வகுப்பாசிரியரைக் குறை சொல்லாதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்குள் எமிஸ் இணையதளத்தில் அவன் விவரத்தை ஏற்ற வேண்டும்.

மனநல விழிப்புணர்வு என்று ஆசிரியர்களை ஒருநாள் உட்காரவைத்து, வடையும் டீயும் கொடுத்து அனுப்புவார்கள். அங்கே யாராவது எழுந்து கேட்கட்டும்: நாங்குநேரிப் பையன் பள்ளியில் சொன்னது, வெட்டியவர்கள் காதுக்கு எப்படிப் போனது? கேட்கமாட்டார்கள். டீ ஆறிவிடும்.